இடியப்ப உரல் பறந்த காலை

எங்கள் பாடசாலை மலர்க் குழுவிலிருந்து அழைப்பு வந்தபோது, விளையாட்டுப் போட்டி, சுற்றுலா, மதில் பாய்ந்து பிடிபட்டது என்று வழக்கமான ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவர்கள் கேட்டதோ வேறு. "அந்தப் பறக்கும் கப்பல் படம் இருக்கா? அட்டைக்குப் போடலாம்." படம் இல்லை. ஆனால் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

2003ஆம் ஆண்டு. நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். போர்நிறுத்தம் நிலவிய சமாதான காலம் என்பதால் மட்டக்களப்பு நகரில் கணினி வகுப்புகள் பெருகியிருந்தன. அதில் ஒன்றில் பின்னேரங்களில் போட்டோஷொப் படித்தேன். பாடசாலைக் கண்காட்சிக்கு எல்லோரும் எரிமலையும் மின்மணியும் செய்துகொண்டிருக்க, நான் நகரையும் கடல் பக்கத்துக் கல்லடியையும் வாவிக்கு மேலாக இணைக்கும் கல்லடிப் பாலத்துக்கு மேலே ஒரு வேற்றுக்கிரகக் கப்பலை நிறுத்துவதென்று முடிவெடுத்தேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு என்றால் அந்தப் பாலத்தில் கமெராவைத் தூக்கத் துணிந்திருக்க மாட்டோம். அப்பாவின் பிலிம் கமெராவோடு காலை வெயிலில் போய்ப் பாலத்தை எடுத்து வந்தேன்.

கப்பலுக்கு எங்கே போவது? அம்மாவின் இடியப்ப உரல்தான் கப்பல். பிரஷர் குக்கர் மூடி அதன் வயிற்றுப் பகுதி. சைக்கிள் டைனமோ இரண்டு, என்ஜின்கள். எல்லாவற்றையும் இரவில் குசினி மேசையில் வைத்துப் பிளாஷ் போட்டு எடுத்தேன். (இந்த இடத்தை நினைவில் வைத்திருங்கள். குற்றம் இங்கேதான் நடந்தது.) ஸ்டூடியோவில் கழுவி, ஸ்கான் செய்து, வெட்டி ஒட்டினேன். படத்தின் துண்டுகளைத் தனித்தனி அடுக்குகளாக வைக்கும் லேயர் என்ற வசதி போட்டோஷொப்புக்கு 1994இல், மூன்றாம் பதிப்போடுதான் வந்தது. எங்கள் வகுப்பில் இருந்தது ஏழாம் பதிப்பு. ஆனாலும் அந்தக் கணினி ஐந்தாறு லேயரைத் தாண்டினால் மூச்சு வாங்கும். அதனால் வழியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பிறகு பிழை தெரிந்தாலும் பிரித்தெடுக்க வழியில்லை.

கண்காட்சியில் நல்ல கூட்டம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். சித்திர சேர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"பாலத்துக்கு வெயில் கல்லடிப் பக்கத்தால வருது மனே. உன்ட கப்பலுக்கு மட்டும் ஆரோ முன்னுக்கு நிண்டு டோர்ச் அடிக்கிறான்."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் சூரியன் கடல் பக்கம் எழும்பி வாவிப் பக்கம் இறங்குவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் படத்தில் தெரியவில்லை. போதாததற்கு, கப்பலுக்கு நேர் கீழே வாவித் தண்ணீரில் வட்டமாக ஒரு கறுப்பு நிழல் வேறு போட்டிருந்தேன். காலை வெயிலில் மத்தியான நிழல்!

அடுத்த கிழமை சேர் என்னைச் சித்திர அறைக்குக் கூப்பிட்டார். ஒரு கோழி முட்டையை வெள்ளைத் துணியில் வைத்து, யன்னல் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் சாத்தினார். "கீற வேணாம், பார்" என்றார். வெளிச்சம் படுகிற பக்கம், அது மெல்ல மங்குகிற இடம், ஆக இருண்ட பட்டை. அந்தப் பட்டையைத் தாண்டி முட்டையின் அடி வயிற்றில் மீண்டும் கொஞ்சம் வெளிச்சம்! அது துணியிலிருந்து தெறித்து வருகிறது. பிறகு துணியை எடுத்துவிட்டு ஒரு சிவப்புக் கொப்பியை வைத்தார். முட்டையின் வயிறு சிவந்தது. முட்டை துணியைத் தொடுகிற இடத்தில் மயிரிழை போல ஒரு கடும் இருட்டு. அது இல்லாவிட்டால் முட்டை அந்தரத்தில் மிதக்கும் என்றார். பௌதிக வகுப்பில் ஒளித்தெறிப்பு விதியை நான் ஒப்புவித்திருக்கிறேன், அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

திருத்திய படம் ஒன்று செய்ய நினைத்திருந்தேன். செய்யவில்லை. 2004 டிசம்பர் 26 வந்தது. ஆட்கள் தப்பினோம். வீடு, படம், கமெரா, அந்த இடியப்ப உரல் ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, இந்த மலருக்காக அந்தப் படத்தைப் புதிதாகவே செய்வோம் என்று உட்கார்ந்தேன். நான் ரொறன்ரோவில், பாலம் கல்லடியில். நம் வகுப்புத் தோழன் ஒருவன் இன்னும் ஊரில் இருக்கிறான் (பெயரைப் போட்டால் அடிப்பான்). 2013இல் திறந்த புதிய பாலத்தில் நின்று பழைய இரும்புப் பாலத்தை எடுத்து அனுப்பச் சொன்னேன். கூடவே ஒரு முட்டையும் ஓர் எவர்சில்வர் அகப்பையும் கொண்டு போகச் சொன்னேன். சினிமாவில் கணினிக் காட்சி செய்கிறவர்கள் படப்பிடிப்பு இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பந்தையும் கண்ணாடி போல மினுங்கும் ஒரு பந்தையும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை, என்ன நிறம் என்பதெல்லாம் அந்தப் பந்துகளில் பதிந்துவிடும். எங்களுக்கு முட்டையும் அகப்பையின் முதுகும் போதும்.

காலை ஆறரை மணிப் படம் வந்தது. முட்டையின் கல்லடிப் பக்கம் மஞ்சள், மறுபக்கம் கறுப்பு இல்லை, நீலம் கலந்த சாம்பல். சூரியன் படாத இடத்துக்கு வானம் வெளிச்சம் கொடுக்கிறது, வானம் நீலம், ஆகவே நிழலும் நீலம். 2003இல் நான் நிழலுக்குச் சுத்தக் கறுப்பை அப்பியிருந்தேன். கணினிப் படங்கள் பல பொய்யாகத் தெரிவதற்கு இந்த ஒரு கறுப்பே போதும் என்பது என் எண்ணம்.

இங்கே ஸ்காபரோவில் புதிய உரல் ஒன்று வாங்கினேன். அதற்குப் பக்கத்தில் ஒரு கனேடிய முட்டையை வைத்து, கல்லடி முட்டையைத் திரையில் திறந்து, இரண்டின் நிழலும் ஒன்றாகும் வரை விளக்கை நகர்த்தினேன். முதலில் விளக்கை அரை மீற்றரில் வைத்தேன். சரிவரவில்லை. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகும் என்பது பழைய பாடம். இருபது சென்ரிமீற்றர் உரலில் கிட்டிய முனைக்குக் கிடைப்பதில் பாதிதான் எட்டிய முனைக்குப் போனது. நூறு மீற்றர் நீளக் கப்பலில் வெயில் அப்படி விழாது. அறையின் மறு மூலைக்கு, மூன்று மீற்றருக்கு, விளக்கைத் தள்ளினேன். நிழலின் விளிம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. விளக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு விளிம்பு மங்கும். வானத்தில் சூரியன் அரைப் பாகை அகலம்தான். மூன்று மீற்றரில் அதற்குச் சமம் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான குமிழ். அந்த அளவுக்குக் கறுப்புக் கடதாசியில் ஓட்டை வெட்டி விளக்கை மூடினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

நிழல் விஷயத்தில் சேர் சொன்னதற்கும் மேலே ஒரு கணக்கு இருந்தது. ஆறரை மணிக்குச் சூரியன் ஏழு பாகை உயரத்தில் இருந்ததென்றால், நூறு மீற்றர் உயரத்தில் நிற்கிற கப்பலின் நிழல் ஏறக்குறைய எண்ணூறு மீற்றர் தள்ளி, நகரப் பக்கம் விழும். படத்துக்கே வராது! அன்று நான் பாடுபட்டு வரைந்த நிழலுக்கு அங்கே வேலையே இல்லை. வேலை இருந்தது பிம்பத்துக்கு. கப்பலைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் பிம்பம் ஆகாது. தண்ணீர் கப்பலைக் கீழிருந்து பார்க்கிறது. அதனால் உரலின் அடிப்பக்கத்தையும் தனியாக எடுத்து, அலைக்கு ஏற்றபடி மேல்கீழாக இழுத்துவிட்டேன். கப்பலின் வயிற்றுக்கு வாவியின் பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன், சிவப்புக் கொப்பி செய்த அதே வேலை.

மிச்சம் எல்லாம் பொறுமை. தூரத்துக் கண்டல் மரங்கள் எவ்வளவு வெளிறியிருக்கின்றனவோ அந்த அளவுக்குக் கப்பலின் இருட்டையும் வெளிற வைத்தேன். நிழல்களை, கீழே உள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் போட்டேன். அரைவாசிச் சாம்பல் நிரப்பிய ஓவர்லே லேயரில் (அந்தச் சாம்பலை விட வெளுத்தது கீழே வெளிச்சமாக்கும், கறுத்தது இருட்டாக்கும்) மேடு பள்ளங்களைத் தடவித் தடவி ஏற்றினேன். கடைசியில் படம் முழுவதற்கும் ஒரே மாதிரியான புள்ளிச் சொரசொரப்பு. இடையிடையே நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்த்தேன், கண்ணைச் சுருக்கியும் பார்த்தேன்.

முடிந்ததும் தோழனுக்கு அனுப்பினேன். "நல்லாக் கிடக்கு" என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பாலத்துக் கம்பியில் வைத்து எடுத்ததில் முதல் இரண்டு முட்டையும் காற்றுக்கு உருண்டு வாவிக்குள் விழுந்துவிட்டனவாம். மூன்றாவதுதான் நான் பார்த்தது. மூன்றுக்கும் காசு மலர்க் குழுவிடம் கேட்கட்டா, உன்னிடம் கேட்கட்டா என்கிறான்.