கூர்மையான கிட்டாரைக் கனிய வைக்க ஒரு பிக்கப்

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமைப்பில் செய்யப்பட்ட எலெக்ட்ரிக் கிட்டார். மேப்பிள் நெக், ஆஷ் மரத்தில் உடல், மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள், அதாவது தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் ஒற்றைச் சுருள் கருவிகள். நெக் பக்கத்துப் பிக்கப்பைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது. சுவிட்சை, தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் தள்ளினால்தான் சிக்கல். முதல் இரண்டு தந்திகளும் காதைக் குத்துகின்றன, கனத்த தந்திகளிலோ சதைப்பிடிப்பே இல்லை. வீட்டில், சிறிய ஆம்ப்பில், இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெல்லிசைக் கச்சேரியில், கல்யாண மண்டபத்து ஹார்ன் ஸ்பீக்கர்கள் வழியாக வரும்போது, பழைய பாடல் ஒன்றின் இடையிசையில் குழைந்து வர வேண்டிய கிட்டார், கீபோர்டையும் வயலினையும் ஓரம் தள்ளிவிட்டுத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆம்ப்பில் ட்ரெபிளைக் குறைத்தாலோ நெக் பிக்கப் மந்தமாகிவிடுகிறது. ஆகவே பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். இந்தக் கூர்மைக்கு மரம்தான் காரணமா என்ற பழைய வழக்கில் நான் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லப்போவதில்லை. மரத்தை மாற்ற வழியில்லை, பிக்கப்பை மாற்றலாம்.

பிரிட்ஜ் பிக்கப் கூர்மையாக ஒலிப்பதற்கு முதற்காரணம் அது இருக்கும் இடம். இந்த வகைக் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 648 மி.மீ. நெக் பிக்கப், பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 16 செ.மீ. தள்ளி, அதாவது தந்தியின் கால்வாசி நீளத்தில் இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப் இருப்பதோ சுமார் 4 செ.மீ. தூரத்தில். தந்தி கட்டப்பட்டிருக்கும் முனைக்கு அவ்வளவு அருகில் அடிப்படைச் சுரத்தின் அசைவு மிகச் சிறியது என்பதால், மேற்சுரங்களே அந்தப் பிக்கப்புக்கு அதிகமாகக் கிடைக்கின்றன. போதாக்குறைக்கு, இந்தக் கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் அதைச் சாய்வாகப் பொருத்தி, மெல்லிய தந்திகளின் பக்கத்தை இன்னும் பிரிட்ஜுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் வைத்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி இடக்கையால் வாசித்தபோது இந்தச் சாய்வும் திரும்பிக்கொண்டது. அவருக்கு மெல்லிய தந்திகளின் பக்கம் பிரிட்ஜை விட்டு விலகியிருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது காரணம் பிக்கப்புக்குள்ளேயே இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்பாயம் மாறுகிறது, கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பிளஸ் டூவில் படித்த ஃபாரடே விதிதான். ஆனால் அந்தச் சுருளுக்கென்று ஒரு மின்தூண்டல் எண் உண்டு, கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிளுக்கு ஒரு மின்தேக்குத்திறன் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு அடைகின்றன. அந்த இடத்தில் ஒலி ஒரு குன்றுபோல உயர்ந்து, அதைத் தாண்டியதும் சரிந்துவிடுகிறது. வழக்கமான ஸ்ட்ராட் பிக்கப்பின் மின்தூண்டல் எண் ஏறத்தாழ 2.4 ஹென்றி. கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் கேபிளும் சுருளின் சொந்தத் தேக்குத்திறனும் சேர்ந்து சுமார் 600 பிக்கோஃபாரட். கணக்குப் போட்டால் குன்றின் உச்சி 4.2 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. மனிதச் செவி மிகவும் கூர்மையாகக் கேட்கும் பகுதி 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. காதைக் குத்துகிறது என்று சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல.

ஆக, ஒலி கனிய வேண்டுமென்றால் அந்தக் குன்றைக் கீழ் அதிர்வெண்ணுக்கு நகர்த்த வேண்டும், அல்லது அதன் உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது இரண்டையும் செய்ய வேண்டும். பிக்கப் விளம்பரங்களில் வரும் எல்லா வர்ணனைகளையும் நான் இந்த இரண்டு கேள்விகளாகவே மாற்றிப் படிக்கிறேன்.

உயரத்தைக் குறைக்கக் காசே செலவழிக்காத வழி ஒன்று உண்டு. 1954-இல் வந்த மூல ஸ்ட்ராட்டோகாஸ்டர் வயரிங்கில், இரண்டு டோன் குமிழ்களில் ஒன்று நெக் பிக்கப்புக்கு, மற்றது நடுப் பிக்கப்புக்கு. பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. இன்றும் பல கிட்டார்கள் இதே வயரிங்கோடுதான் வருகின்றன, என்னுடையதும் அப்படித்தான். குமிழ் இல்லாததால் ட்ரெபிளைக் குறைக்க முடியவில்லை என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி, வால்யூமின் 250 கிலோஓம் மட்டுமே சுமையாக இருக்கும் பிக்கப்பில் அந்தக் குன்று உயர்ந்தும் கூராகவும் நிற்கும் என்பது. டோன் பாட்டையும் (குமிழின் அடியில் இருக்கும் மாறுதடையை) இணைத்துவிட்டால், அதை முழுவதும் திறந்தே வைத்திருந்தாலும், சுமை 125 கிலோஓம் ஆகி உச்சி தணிந்துவிடும். சுவிட்சில் ஒரு சிறு வயரைச் சால்டர் செய்தால் போதும். பிக்கப் மாற்ற நினைக்கும் எவரும் முதலில் பின்பலகையைக் கழற்ற வேண்டாம், முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றி இந்த ஒரு வயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு பிக்கப்பைச் சற்றுக் கீழே இறக்கியும் பார்க்கலாம்.

இதைச் செய்தபின் குத்தல் குறைந்தது, கனம் வரவில்லை. அடுத்து, குன்றை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதைப் பிக்கப் வாங்காமலே கேட்டுப் பார்க்க விரும்பினேன். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 470 பிக்கோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை, வால்யூம் பாட்டின் உள்வரும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே முதலைக் கிளிப்புகளால் மாட்டினேன். கேபிளின் தேக்குத்திறனோடு இதுவும் சேர்ந்துகொள்வதால் உச்சி 4.2-லிருந்து சுமார் 3.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. கம்பியைச் சுற்றாமலே நெடுநீளக் கேபிளை மாட்டியதற்கு இது சமம். கிளிப்பை மாட்டியும் எடுத்தும் ஒரே ஸ்வர வரிசையை வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறது: மேலே இருந்த கண்ணாடித்தன்மை போய், மத்தியில் ஒரு கட்டைக் குரல் வந்துவிடுகிறது.

இதுவே போதுமே என்று கேட்கலாம். சிலருக்குப் போதும். ஆனால் மின்தூண்டல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கெப்பாசிட்டரை மட்டும் கூட்டினால் குன்று நகரும்போதே உயரவும் செய்கிறது. அதனால் ஒலியில் மூக்கடைத்த ஒரு சாயல் ஏறிக்கொள்கிறது. மாறாக, மின்தூண்டல் எண்ணைக் கூட்டி அதே 3.1 கிலோஹெர்ட்ஸுக்கு வந்தால், அதே 250 கிலோஓம் பாட்டுகளின் கீழ் உச்சி முன்பைவிடத் தணிந்தே இருக்கும். 600 பிக்கோஃபாரட்டுக்கு அந்த இடத்தைப் பிடிக்க ஏறத்தாழ 4.4 ஹென்றி வேண்டும். இரைச்சலை ஒன்றையொன்று ரத்துசெய்யும் இரட்டைச் சுருள் பிக்கப்பான பழைய கிப்சன் ஹம்பக்கர் ஒன்றின் மின்தூண்டல் எண்ணும் கிட்டத்தட்ட அதுதான். எனக்குத் தேவையான பிக்கப்பின் ஜாதகம் இந்த இடத்தில் தெரிந்துவிட்டது.

கடைகளில் போய்க் கேட்டால் யாரும் ஹென்றியைச் சொல்வதில்லை, கிலோஓமைத்தான் சொல்கிறார்கள். மின்தடை அதிகமென்றால் சுற்று அதிகம், சுற்று அதிகமென்றால் கனம் அதிகம் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஒரே கம்பி, ஒரே வடிவம் என்றால் அது சரிதான். கம்பி மாறினால் கணக்கே மாறிவிடும். 43-ஆம் கேஜ் கம்பி 42-ஆம் கேஜைவிட மெல்லியது, ஆகவே அதே நீளத்துக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதலான மின்தடை காட்டும். 43-இல் சுற்றிய 7.5 கிலோஓம் பிக்கப்பில் இருக்கும் கம்பி, 42-இல் சுற்றிய 6.5 கிலோஓம் பிக்கப்பில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். வெயிலும் இதில் கைவரிசை காட்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், 20 டிகிரியில் 7 கிலோஓம் காட்டும் பிக்கப், சென்னையின் 35 டிகிரி அறையில் 7.4 காட்டும். வெறும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பிக்கப்பின் குணத்தைத் தீர்ப்பது எனக்கு ஏற்புடையதல்ல. மின்தூண்டல் எண்ணையோ ஒத்ததிர்வு அதிர்வெண்ணையோ வெளியிடும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்; அதை அச்சிட்டிருப்பவருக்கு நான் முன்னுரிமை தருவேன்.

காந்தத்தைப் பற்றிய பேச்சும் இப்படியே. அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தங்களில் அல்நிகோ 5 வலுவானது, அல்நிகோ 2 அதைவிட மென்மையானது. பின்னது தந்தியைக் குறைவாக இழுக்கிறது, மீட்டும் கணத்தின் வெட்டும் சற்று மழுங்குகிறது. இந்த வேறுபாடு உண்மையானதுதான், ஆனால் சிறியது. செராமிக் காந்தம் என்றாலே கரகரப்பு என்று சொல்பவர்கள், 1972-இல் வந்த டிமார்ஸியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் செராமிக் காந்தம் கொண்டது என்பதையும், தடித்த மத்திய ஒலிக்காகவே அது பெயர் பெற்றது என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். சுற்றுகளின் எண்ணிக்கையும் சுருளின் வடிவமும் காந்தத்தைவிட அதிகம் பேசுகின்றன.

பட்டியலில் இருந்து சிலவற்றைச் சீக்கிரமே நீக்கிவிட்டேன். 1946-இலிருந்து கிப்சன் செய்துவரும் பி-90 எனக்கு மிகவும் பிடித்த ஒலி. ஆனால் அதன் அகலத்துக்கு இந்தக் கிட்டாரின் மரத்தைக் குடைய வேண்டும், மேலும் அதுவும் சிங்கிள் காயில்தான் என்பதால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் போகாது. மண்டபங்களில் சீரியல் விளக்குகளும் டிம்மர்களும் எரியும்போது அந்த இரைச்சல் எவ்வளவு தொல்லை என்பது மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும். முழு அளவு ஹம்பக்கருக்கும் மரத்தைக் குடைய வேண்டியிருக்கலாம், பிக்கார்டை வெட்டவும் வேண்டும். ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப்பின் அடியில் இருப்பதுபோல, செம்பு பூசிய எஃகுத் தகடு ஒன்றைப் பிரிட்ஜ் பிக்கப்பின் அடியில் ஒட்டுவது மலிவான, நல்ல யோசனை. மின்தூண்டல் எண் சற்று உயரும். எனக்குத் தேவைப்பட்டது அதைவிடக் கூடுதல்.

மிஞ்சியது சிங்கிள் காயிலின் அளவுக்குள் அடங்கும் சிறிய ஹம்பக்கர். ஹம்பக்கரை கிப்சனில் உருவாக்கிய சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்துப் பிக்கப்புகளின் அடியில் ஒட்டிய 'பேட்டென்ட் அப்ளைட் ஃபார்' என்ற சீட்டுதான் இன்றும் பி.ஏ.எஃப். என்று பேசப்படுகிறது. அதே மனிதர் 1967-இல் ஃபெண்டருக்குப் போய், பின்னர் டெலிகாஸ்டர்களில் வந்த வைட் ரேஞ்ச் ஹம்பக்கரை வடிவமைத்தார். கூரிய ஒலிக்குப் பெயர்போன நிறுவனமே தடித்த ஒலி வேண்டுமென்றபோது அவரிடம்தான் போயிருக்கிறது என்பது எனக்குப் பிடித்த தகவல். சிறிய ஹம்பக்கர்களில் சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஹாட் ரெயில்ஸையும் லிட்டில் 59-ஐயும் ஒப்பிட்டேன். ஹாட் ரெயில்ஸ் சத்தத்துக்காகவே செய்யப்பட்டது. அதை 250 கிலோஓம் பாட்டோடு போட்டால் கனிவைத் தாண்டிக் கம்பளி போர்த்திய ஒலியாகிவிடும், மற்ற இரண்டு பிக்கப்புகளும் அதன் முன்னால் சோகையாகத் தெரியும். டிஸ்டார்ஷன் வாசிப்பவர்களுக்கு அது வேறு கணக்கு. நான் லிட்டில் 59-ஐ வாங்கினேன்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது நான்கு வயர்களின் நிறம். டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சையும் உறையற்ற கம்பியும் எர்த், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி மூடிவிட வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும்; ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைச் சால்டர் செய்துவிடக் கூடாது. நடுப் பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது ஒலி குழிந்து மெலிந்தால் ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டின் மின்குறிப்புகளும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். கிட்டாருக்குள் வைப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம்: மல்டிமீட்டரைப் பிக்கப்பின் முனைகளில் மாட்டி, ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் முகப்பில் வைத்துச் சடாரென்று எடுத்தால் எண் ஒரு கணம் நேர்க்குறியிலோ எதிர்க்குறியிலோ தாவும், நடுப் பிக்கப்பும் அதே குறியைக் காட்ட வேண்டும். எதிராக இருந்தால் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றலாம், உறையற்ற கம்பி மட்டும் எப்போதும் எர்த்திலேயே இருக்க வேண்டும்.

உயரத்தை, கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தபடி அளந்து, இரு பக்கமும் சுமார் 2.5 மி.மீ. இடைவெளியில் வைத்திருக்கிறேன், அதைவிட நெருங்கினால் நடுப் பிக்கப்போடு சத்தம் சமன்படவில்லை. பிரிட்ஜ் பிக்கப்பில் இப்போது முதல் தந்தி உருண்டு ஒலிக்கிறது, டோன் குமிழை ஏழில் வைத்தால் இடையிசைக்கு அப்படியே பொருந்துகிறது, மண்டபத்து இரைச்சலும் அந்த நிலையில் காணோம். இழந்தது ஒன்று உண்டு: பிரிட்ஜும் நடுவும் சேரும் நிலையில் ஸ்ட்ராட்டுக்கே உரிய அந்தப் பளிங்கு ஒலி தடித்துவிட்டது. அது வேண்டுமென்பவர்கள் சிவப்பு வெள்ளை இணைப்பைப் இழுத்தால் சுவிட்சாகவும் இயங்கும் புஷ் புல் பாட் ஒன்றின் வழியாக எர்த்துக்குக் கொண்டுபோனால், இழுத்தவுடன் ஒரு சுருள் விலகி, சிங்கிள் காயில் ஒலி திரும்பக் கிடைக்கும். நான் வாசிக்கும் பாடல்களுக்கு அது தேவைப்படாததால் அந்த இரு வயர்களையும் ஷ்ரிங்க் குழாய்க்குள் மூடியே வைத்திருக்கிறேன்.