படப் புத்தகங்களுக்கு முதுகு கிடையாது

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் கூடத்துச் சுவரில் நிற்கும் படப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்பது வழக்கம். இல்லை, அவையெல்லாம் நான் படிப்பதற்காக வாங்கியவை என்று சொன்னால், மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியாமல் காப்பியில் கவனத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாவல்களை அடுக்கி வைத்திருப்பவரிடம் யாரும் இப்படி விசாரிப்பதில்லை. படப் புத்தகம் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்வரை வைத்துக்கொண்டு, பிறகு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டிய பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

படம் போட்ட கதை வேறு, படப் புத்தகம் வேறு. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில், வேதாளத்தைத் தோளில் சுமந்து உருவிய வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது மறக்காது. ஆனாலும் அந்தப் படத்தை நீக்கிவிட்டால்கூடக் கதை குறைவின்றி நிற்கும். படப் புத்தகத்தில் அப்படி நீக்க முடியாது. பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோஸிஸ் வாக்' என்ற ஆங்கிலப் புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள்தான். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு இரவு உணவுக்கு நேரத்தோடு திரும்பியது என்பதற்கு மேல் அந்தச் சொற்கள் எதுவும் சொல்வதில்லை. படத்திலோ, கோழியின் பின்னால் ஒரு நரி பதுங்கிப் பதுங்கி வந்து, குளத்தில் விழுந்து, மாவில் மூழ்கி, கடைசியில் தேனீக்களிடம் மாட்டிக்கொண்டு ஓடுகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் வராது. வாசிக்கும் பெரியவருக்குத் தெரியாத ஒன்று படம் பார்க்கும் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிற இந்த ஏற்பாட்டை, எழுத்தால் மட்டும் எந்தப் பெரிய எழுத்தாளரும் செய்து காட்ட முடியாது என்பது என் எண்ணம்.

இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அடங்குவதற்குக் காரணம் கலையல்ல, அச்சகம். பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது எட்டும் பதினாறுமாகத்தான் பக்கங்கள் கிடைக்கும். அதில் 32 என்பது விலைக்கும் தையலுக்கும் தோதான அளவு. அந்த நெருக்கடிக்குள் எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வைப்பது, எதை அடுத்த பக்கம்வரை ஒளித்து வைப்பது என்று தீர்மானிப்பதில்தான் படைத்தவரின் திறமை தெரியும்.

நம் பக்கத்திலும் பெருமைப்பட நிறைய இருக்கிறது. என் தலைமுறையில் பலருக்குப் படப் புத்தக ஆசை பிடித்தது, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகளில் மலிவாகக் கிடைத்த சோவியத் புத்தகங்களால்தான். 1991க்குப் பிறகு அந்த வரத்து நின்றுபோனது. நேஷனல் புக் டிரஸ்ட் இன்றும் எளிய விலையில் தருகிறது. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸும், 1996இல் தொடங்கிய தூலிகாவும் ஆகிய பதிப்பகங்கள் இந்தத் துறையின் முகத்தையே மாற்றின. தாராவின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற 2006ஆம் ஆண்டுப் புத்தகத்தில், பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டுப் பழங்குடி ஓவியர்களின் மரங்கள் கறுப்பு நிறக் கைவினைத் தாளில் ஒளிர்கின்றன. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கையால் அச்சிட்டு, கையாலேயே தைத்த புத்தகம் அது. விரலால் தடவினால் மை தட்டுப்படும். புதுப் பிரதியைத் திறந்தால் அந்த மையின் வாசனையும் வரும். தூலிகாவின் இருமொழிப் பதிப்புகளைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சிறு குறை உண்டு. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இடம் கேட்கும்போது, பாவம், படம்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ் மட்டும் கொண்ட பதிப்பு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

இனி அலமாரிக்கு வருகிறேன். இணையத்தில் பார்க்கும் அழகான புத்தக அலமாரிகள் யாவும் தடித்த முதுகுகளை, அதாவது இரண்டு அட்டைகளையும் இணைக்கும் பக்கவாட்டுப் பட்டைகளை, நம்பி நிற்பவை. நிறம் வாரியாகவும் உயரம் வாரியாகவும் அடுக்கிப் படம் எடுப்பார்கள். நடுவில் பின் அடித்த 32 பக்கப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது. அதை மற்றவற்றோடு நிறுத்தினால் அங்கே ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. நம் வீடுகளின் கண்ணாடிக் கதவு ஷோகேஸ் இதைவிட மோசம். கோப்பைகளுக்கும் கொலு பொம்மைகளுக்கும் அது பொருத்தமாக இருக்கலாம். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைத்த புத்தகத்தை யார் படிப்பார்கள்?

ஆகவே அட்டை முகம் காட்டும்படியான மரச் சட்டங்களைச் சுவரில் அடிக்கச் சொன்னேன். மூன்றங்குல அகலப் பலகை, புத்தகம் சரியாமல் இருக்க முன்னால் ஒரு விளிம்பு, அவ்வளவுதான். கீழ்ச் சட்டம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொடங்குகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்து, மிளகுக் கொடி ஏற்றிவிடும் சில்வர் ஓக் மரத்தில் செய்ய முடியுமா என்று ஆசாரியிடம் கேட்டேன். "கதவு, நிலைக்கெல்லாம் அது ஆகாதுங்க மேடம், இந்தப் புஸ்தகப் பலகைக்குத் தாராளமாப் போதும்" என்றார். இழைத்த பிறகு அந்த மரத்தில் தெரிந்த புள்ளி ரேகைகளைப் பார்த்ததும் மைக்கா ஒட்டும் யோசனையை உடனே கைவிட்டேன். மூன்றடிச் சட்டத்தில் நான்கு புத்தகங்களுக்கு மேல் நிற்காது என்பதால், மற்றவற்றைக் கீழே படுக்கையாக அடுக்கிவிட்டு, அவ்வப்போது மாற்றி வைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டியாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால்தான் இந்த அலமாரி பொருந்தும்.

சேலத்து வெயிலுக்கு அஞ்சி மேற்குச் சன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்தேன். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும். வெயிலில் பல நாள் கிடந்த சுவரொட்டிகளில் முகங்களெல்லாம் நீலம் பாரித்துப் போவது அதனால்தான்.

மலைமேல் ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு வெயிலால் தொல்லையில்லை, ஈரத்தால்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலம் முழுக்க மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும். வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு நனைந்து காய்ந்தால் பக்கங்கள் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூடிய பீரோவுக்குள் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். அங்கும் காற்றோட்டமுள்ள திறந்த சட்டமே நல்லது. சுவரோடு ஒட்டாமல் பலகைக்குப் பின்னால் ஓரங்குல இடைவெளி விடச் சொல்லி, மூலையில் வைக்க வசம்புத் துண்டுகளையும் கொடுத்தனுப்பினேன். தன் பேத்திக்கு இப்போது மேற்பூச்சு இல்லாத தாளில் அச்சிட்ட புத்தகங்களைத்தான் கேட்டு வாங்குகிறாள். அந்தக் கணக்கில் பார்த்தால் என் கறுப்புத் தாள் மரங்கள்தான் மலைக்கு மிகவும் ஏற்றவை என்று போன வாரம் தொலைபேசியில் வாதிட்டாள். அவளுக்கு வேறொரு பிரதி வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.