அறுபது நாள் மாத்திரை

அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு சுகாதார அமைப்பின் தகவல் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். விஞ்ஞானிகள் எழுதித் தருவதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதுவதுதான் வேலை. என் மேசைக்கு அதிகம் வந்தது ஆந்த்ராக்ஸ். நம்மூரில் மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோயின் அதே கிருமி.

2001-ல் ஆந்த்ராக்ஸ் பொடி வைத்த கடிதங்களால் 22 பேருக்கு நோய் வந்தது. 5 பேர் இறந்தார்கள். பொடி பட்டிருக்கலாம் என்று சுமார் 10,000 பேரை 60 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொன்னார்கள். பிறகு விசாரித்தால், பாதிப் பேர்கூட முழுசாகச் சாப்பிடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மாத்திரையோ வயிற்றைப் புரட்டுகிறது. யார்தான் தொடர்வார்கள்?

எனக்கு வந்த வரைவில் '60 நாள்' இருந்தது, காரணம் இல்லை. எழுதியவரிடம் கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?" என்றார். எல்லாரும் என்றால் அவருடைய மாடியில் இருக்கிற எல்லாரும்.

காரணம் ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தின் 1993-ஆம் வருட ஆய்வில் இருக்கிறது. கிருமியைச் சுவாசித்த குரங்குகளுக்கு 30 நாள் மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். அதன்பின் சில செத்துப்போயின. இந்தக் கிருமி ஸ்போர் என்ற விதை மாதிரியான வடிவில் நுரையீரலில் வாரக்கணக்கில் தூங்கும். விழித்து முளைத்ததைத்தான் மருந்து கொல்லும், தூங்குவதை அது தொடாது. அதனால்தான் 30 நாள் போதாது என்று 60. (கடிதப் பொடியே அந்த ஆய்வகத்துக் குடுவையிலிருந்து கிளம்பியதுதான் என்று எஃப்.பி.ஐ. பின்னாளில் சொன்னது வேறு கதை.)

இதை நாலு வரியில் எழுதிக் கொடுத்தேன். குரங்கு செத்ததை மேலே வெட்டிவிட்டார்கள், ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். எனக்கு இன்றும் அதில் உடன்பாடில்லை. வாஷிங்டன் பிரென்ட்வுட் தபால் நிலைய ஊழியர்களுக்குப் பயமா குறைச்சல்? செனட் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கப்பட்ட உடனே அங்கிருந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது. ஒட்டிய உறையிலிருந்து பொடி வெளியே வராது என்ற நம்பிக்கையில், அதே கடிதத்தைக் கையாண்ட தபால் நிலையம் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஓடிக்கொண்டிருந்தது. தரம் பிரிக்கிற இயந்திரத்தின் அழுத்தத்தில் காகிதத் துளைகள் வழியே பொடி கசிந்திருந்தது. ஜோசப் கர்சீன், தாமஸ் மோரிஸ் என்ற 2 ஊழியர்கள் இறந்தார்கள். அந்த இடத்துக்கு இப்போது அவர்கள் பெயர்தான். அதைப் பார்த்தவர்களிடம் காரணம் சொல்லாமல் 60 நாள் விழுங்கு என்றால் எடுபடுமா?

கடைசியில் ஸ்போர் தூங்குகிற வரி மட்டும் அச்சுக்குப் போனது. அப்புறம் தொலைபேசியில் ஒரே கேள்வி: சிப்ரோவை (அந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் ஒன்று) பாலோடு விழுங்கலாமா? கூடாது, கால்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாது. அடுத்த பதிப்பில் அதை முதல் பக்கத்திலேயே போட்டோம்.