இருவர் வைத்த நேர்த்தி

கனடாவிலிருந்து புறப்படும் முன்பே மாமி தொலைபேசியில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டார். கொழும்பு ஜம்பட்டா வீதியிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரை நடந்துதான் போவது, அதுவும் வெறுங்காலோடு. ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமையாக இருக்க வேண்டும். ஏழு பாண் வாங்கி வைக்க வேண்டும். எட்டும் கூடாது, ஆறும் கூடாது. அந்தோனியாருக்குப் பதின்மூன்று பாண் கொடுப்பதைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏழு என்ன கணக்கு என்று கேட்டேன். "வந்து சொல்கிறேன்" என்றார்.

வயது எழுபத்தெட்டு. இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. "முச்சக்கரவண்டியில் போய் வாசலில் இறங்கினால் அந்தோனியார் கோபித்துக்கொள்ளவா போகிறார்?" என்று கேட்டுப் பார்த்தேன். "அவர் கோபிக்கமாட்டார், பிள்ளை. நான் கோபிப்பேன்." இதற்கு மேல் யார் என்ன பேசுவது?

நேர்த்தி 1983 ஜூலை இனக்கலவரத்தில் வைத்தது. எங்கள் வாடகை வீட்டுக்கு நெருப்பு வைத்த அன்று, நாங்கள் எல்லாரும் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மாவின் பின்னறையில் ஒடுங்கிக் கிடந்தோம். நான் சின்னப்பிள்ளை. மண்ணெண்ணெய் மணமும் என் வாயைப் பொத்தியிருந்த மாமியின் உள்ளங்கையும்தான் எனக்கு ஞாபகம். வாசலுக்கு வந்தவர்களை அந்த அம்மா ஏசி அனுப்பிவிட்டு, முன்னறையிலிருந்த அந்தோனியார் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி, வாய்விட்டுப் பேரம் பேசினாராம்: இந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் ஒன்றும் நேரக்கூடாது, நேராவிட்டால் இவளும் நானும் சேர்ந்து நடந்து வந்து பதின்மூன்று பாண் கொடுப்போம். மாமியின் சம்மதத்தை அவர் கேட்கவே இல்லை. கேட்கிற நேரமா அது!

பிறகு ஒரு கோயில் வளாகத்தில் அகதிகளாகக் கிடந்தோம். கொழும்புத் துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். மாமி குடும்பம் அங்கிருந்து தமிழ்நாடு, பின்னர் கனடா. நாங்கள் சில வருடங்கள் கழித்துக் கொழும்புக்கே திரும்பிவிட்டோம். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆகவே கடன் விழுந்துவிட்டது.

அடுத்த வருடத் திருநாளுக்கு அந்த அம்மா தனியாக நடந்து போய் ஆறு பாண் கொடுத்திருக்கிறார். மிச்சம் ஏழையும் அவளுடைய கணக்கில் எழுதிக்கொள்ளும், அவள் வந்து தருவாள் என்று அந்தோனியாரிடம் சொல்லிவிட்டு, அதை மாமிக்குக் கடிதமாகவும் எழுதிப் போட்டுவிட்டார். பதின்மூன்றையும் அவரே கொடுத்திருக்கலாம். அப்போது பாண் ஒன்றும் பெரிய விலையில்லை. கொடுத்திருந்தால் மாமிக்குக் கொழும்பில் ஒரு வேலையும் மிஞ்சியிருக்காது. மனிசி யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

மாமி வருவதற்கு எத்தனை தடை! யுத்தம் இருந்தவரை பிள்ளைகள் விடவில்லை. பிறகு முழங்கால். அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டு அம்மாவும் கண்ணை மூடிவிட்டார். 2019 ஜூனுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தபோது ஏப்ரல் 21 வந்தது. அந்த உயிர்த்த ஞாயிறு காலையில் எந்தக் கோயிலுக்கு வரவேண்டும் என்று காத்திருந்தாரோ அதே கோயிலில் குண்டு வெடித்தது. அன்று அங்கும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலுமாக 250க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். கடற்படையினர் இரவு பகலாக வேலை செய்து ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முதல்நாள், கோயிலைத் திறந்துவிட்டார்கள். ஆனால் மாமியின் மகன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதன் பிறகு கொரோனா. அதன் பிறகு 2022இல் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். "நான் வரிசையில் நிற்கத் தயார்" என்று மாமி சொன்னார். யாரும் கேட்கவில்லை.

ஒருவழியாக வந்து சேர்ந்தார். காலையிலேயே தென்மேல் பருவமழை தூறத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றி என் கைப்பையில் போட்டார். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு மாடிக் கட்டடம். கீழே கைத்தொலைபேசிக் கடை. மாமி அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கத்தரிக்கோல் காணாமல் போனாலும் அந்தோனியாரைக் கூப்பிடுகிற ஆள் அவர். கண்ணாடி, சாவி, வங்கிப் புத்தகம், ஒருமுறை பேரனின் கடவுச்சீட்டு என்று எல்லாவற்றையும் அவரிடம் தேடி வாங்கியிருக்கிறார். வீட்டை மட்டும் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன். "எரிந்தது தொலைந்ததில் சேராது, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அங்கேயும் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஒரு பையன் எட்டிப் பார்த்து, பிச்சைக்கு வந்திருக்கிறோமோ என்ற முகத்தோடு உள்ளே போனான்.

மற்றவர்கள் சட்டென்று நடந்துவிடும் தூரம். எங்களுக்கு முக்கால் காலை ஆனது. ஈரத் தார் வீதி, குழிகள், வாழைப்பழத்தோல், பாரவண்டிகள். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து, அம்மாவை இப்படி நடக்க வைக்கிறீர்களே, பாவமில்லையா என்று என்னைத் திட்டினார். மாமி சிங்களத்தில் அவருக்கு ஏதோ சொன்னதும் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு காலம் டொரொண்டோவில் இருந்தும் அந்தச் சிங்களம் துருப்பிடிக்காமல் இருந்திருக்கிறது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியத் தொடங்கியபோது, "இந்தப் பக்கம்தான் கப்பல் நின்றது" என்றார். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் மணி கேட்டது. அந்தக் கருங்கல் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அந்தோனியாரிடமும் வருகிற சைவக் குடும்பங்கள் அன்றும் இருந்தன. இன்றும், நெற்றியில் திருநீற்றோடு ஒரு தாயும் மகளும் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டார்கள். மெழுகுதிரி, பூமாலை, செபமாலை, படம், பிளாஸ்டிக் அந்தோனியார். ஒருத்தி மாமியின் சேலைத் தலைப்பையே பிடித்துவிட்டாள். தன்னிடம் வாங்காமல் போனால் வேண்டுதல் பலிக்காது என்று வேறு மிரட்டல்! அந்தோனியார் இவளுக்கு எப்போது முகவர் உரிமை கொடுத்தார் என்று தெரியவில்லை. நான் சண்டைக்குப் போக, மாமி அவளிடமே இரண்டு திரி வாங்கினார். சொன்ன விலையில் பாதிக்கு.

அடுத்தது பை சோதனை. ஏழு பாணையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல். யுத்த காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே செவ்வாய்ப் பூசைக்கு வந்து வளர்ந்தவள் நான். சோதனை என்றாலே உடம்பு கூசும். மாமி, "தட்டட்டும். அன்று காலையில் ஒருவன் இப்படித் தட்டிப் பார்த்திருந்தால்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் அதிகாரத்தில் இருந்தவர்கள் தடுக்கத் தவறினார்கள் என்று 2023இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பணம் கட்டலாம். அந்த வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களை எங்கிருந்து கொண்டுவருவது?

உள்ளே போனதும் மாமி குழந்தையாகிவிட்டார். ஒல்லாந்தர் காலத்துக் கதையை எனக்கு மறுபடியும் சொன்னார். கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லாத அந்தக் காலத்தில் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு ஒளிந்து திரிந்ததையும், கரையை அரித்த கடலைத் தடுக்கச் சொல்லி மீனவர்கள் கெஞ்ச, அவர் மணலில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்ததையும், கடல் பின்வாங்கியதையும். யோசேவ் வாஸ் அடிகளாரும் அப்படி ஏழைக் கோலத்தில் ஒளிந்து வந்தவர்தானே. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நான் அந்தக் கூட்டத்தில் கால் நோக நின்றிருக்கிறேன். "ஒளிந்திருந்தவர் தொடங்கிய கோயில், பிள்ளை. ஒளிந்திருக்கிறவர்களை இவருக்கு நன்றாகத் தெரியும்" என்றார் மாமி. 1834இல் கட்டி முடித்த கோயில். பிறகு பெருப்பித்து, உடைந்து, மறுபடியும் எழுந்து நிற்கிறது. மாமி முதல் நன்மை வாங்கிய காலத்தில் பூசை இலத்தீனில் நடந்தது. இப்போது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. பாட்டுக்கு மின்னிசை, திரையில் வசனம். இளசுகள் கைத்தொலைபேசியை உயர்த்தியபடியே கும்பிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமிக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அந்தோனியார் சுரூபத்தோடு அருளிக்கம் இருக்கும் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் வரிசை நகர மறுத்தது. 1231இல் இறந்தவருடைய கல்லறையை 1263இல் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததே, அதன் சிறு துண்டு. பின்னால் தள்ளுகிறார்கள், முன்னால் நிற்பவர்கள் விலகுவதாக இல்லை, வியர்வையும் ஈரச் சேலைகளின் வாடையும் மெழுகுப் புகையுமாக மூச்சு முட்டுகிறது. மாமியின் கால் நடுங்கத் தொடங்கியதைக் கண்டேன். வெளியே போய்விடுவோம் என்று சொல்ல வாயெடுத்த நேரம், பின்னால் நின்ற ஒரு சிங்களப் பெண் மாமியின் முழங்கையைப் பிடித்து, தன் உடம்பால் கூட்டத்தைத் தடுத்து, முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் யார் என்று இன்றுவரை தெரியாது.

மாமி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். அன்று என் வாயைப் பொத்திய அதே கை. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று பழைய செபத்தை ஒருமுறை முழுதாகச் சொன்னார். இவ்வளவு வருடம் தேக்கி வைத்ததையெல்லாம் இனிக் கொட்டுவார், மகனின் வேலை, மருமகளின் நோய், பேத்தியின் கலியாணம் எல்லாம் வரும் என்று நான் காத்திருந்தேன். தொண்டர் ஒருவர் "நகருங்கள், நகருங்கள்" என்று கையசைத்துக்கொண்டிருந்தார். மாமி கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், சிங்களத்தில், "அபி தென்னம ஆவா" என்றார். நாங்கள் இரண்டு பேருமே வந்துவிட்டோம்.

அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். என்னால்தான் நகர முடியவில்லை. தொண்டரிடம் திட்டு வாங்கினேன்.

முதல் திரியை அந்த அம்மாவின் பெயரில் ஏற்றினார், இரண்டாவதைத்தான் தனக்கு. பிறகு முற்றத்தில் பாண் கொடுத்தோம். அமைதியாகக் கொடுக்க விட்டார்களா? ஒருவர் வாங்கிய பாணை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மறுபடியும் கை நீட்டினார். மாமிக்குத் தெரிந்துவிட்டது, "உனக்கு எழுதியது ஒன்றுதான்" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டார். ஏழாவதை வாங்கிய கிழவி மாமியின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தாள்.

என்ன சொல்வது! அற்புதரே, எங்களை ஒளித்து வைத்த கதவுக்கு நன்றி. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற மனிசிக்கு நன்றி. கப்பலுக்கு நன்றி, கடல் கொந்தளிக்காததற்கு நன்றி. அன்று காலையில் இங்கே இருந்திருக்க வேண்டிய எத்தனையோ பேரை எப்படியோ வராமல் வைத்திருந்தீர், அதற்கும் நன்றி. வந்திருந்தவர்களை நீரே கூட்டிப்போய்விட்டீர், அதை எப்படி நினைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, இருந்தாலும் உம்மைவிட்டு எங்கே போவோம்? மழைக்கு நன்றி, தார் வீதி சுடவில்லை. முழங்கையைப் பிடித்தவளுக்கு நன்றி. மாமியின் இரண்டு முழங்காலுக்கும் நன்றி.

திரும்பும்போது முச்சக்கரவண்டிதான், அதற்கு மாமி மறுப்புச் சொல்லவில்லை. ஐந்து லாம்புச் சந்தியில் வண்டி நெரிசலில் நின்றபோது, பேத்தியின் கலியாணத்துக்காக நேர்த்தி ஒன்று வைத்துவிட்டதாகச் சொன்னார். எத்தனை பாண் என்று கேட்டேன்.

"பதின்மூன்று. ஆறை நீ கொடு, பிள்ளை. ஏழுக்கு நான் வருகிறேன்."

டொரொண்டோவிலிருக்கும் முழங்கால் மருத்துவரிடம் இதை அவருடைய மகன்தான் சொல்ல வேண்டும்.