வேர் வீக்கத்தோடு மூன்று போகம்

தலவாக்கலைப் பக்கம் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் உள்ள துண்டு நிலத்தில் மூன்றாவது தடவையாக நட்ட கோவா (முட்டைக்கோசு), இம்முறைதான் உருளத் தொடங்கியிருக்கிறது. நாற்பது செடிகளில் ஒன்றை நேற்று வேண்டுமென்றே பிடுங்கினேன். வேர் வெள்ளையாக, நார் நாராக, ஒரு முடிச்சுக்கூட இல்லாமல் இருந்தது.

முதலிரு போகங்களிலும் இலைகள் நடுப்பகலில் துவண்டு பின்னேரம் நிமிர்ந்துகொண்டன. "வெயில் பட்டுட்டுது தம்பி, தண்ணியை ஊத்து" என்றார் அடுத்த காம்பராப் பெரியம்மா; ஊற்ற ஊற்ற நிலைமை மோசமாயிற்று. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் மஞ்சள் கிழங்கு போல விரல் விரலாக வீங்கியிருந்தன; ஒன்றை வெட்டியதும் எழுந்த அழுகல் நாற்றம் கையை இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. இந்த வேர் வீக்க நோயை உண்டாக்கும் பிளாஸ்மோடியோபோரா என்ற நுண்ணுயிரியின் வித்திகள் ஈர மண்ணில் நீந்தி வேரை அடைகின்றன என்பதும், ஓய்வு நிலையில் மண்ணுக்குள் இருபது ஆண்டுகள் வரைகூட உயிரோடு கிடக்கக்கூடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கியெடுத்த நிலம் எங்களுடையது. தேயிலைக்கு உகந்த 4.5 முதல் 5.5 வரையான பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும்) இந்த நோய்க்கும் விருந்துதான். அதை அடக்கி வைக்க வேண்டுமானால் மண்ணை 7.2 அளவுக்கு உயர்த்த வேண்டும்.

இரண்டாம் போகத்தில் நான் ஏமாந்தது அளவிடுவதில்தான். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான கருவி ஒன்றை வாங்கினேன்; அது எங்கே குத்தினாலும் 7 என்றே காட்டியது, தேயிலைச் செடியின் அடியிலும்கூட! இப்போது உலர்ந்த மண் 20 கிராமை, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் 50 மில்லிலீற்றரில் குலுக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரில் மட்டும் பி.எச். காட்டும் நிறத்தாளை நனைக்கிறேன். கலங்கலில் நனைத்தால் மண்ணின் செம்மை தாளில் ஏறி நிறத்தைப் படிக்க முடியாமல் போகும். ஒரே பாத்தியின் ஐந்து இடங்களில் மண் எடுத்துக் கலக்காவிட்டால் அந்த அளவுக்கும் மதிப்பில்லை. முதல் அளவு ஏறத்தாழ 5 என வந்தது. சதுர மீற்றருக்கு 500 கிராம் டொலமைட் (சுண்ணாம்புக்கல் வகைத் தூள்) போட்டு ஆறு வாரம் காத்திருந்தும் 6-ஐத் தாண்டவில்லை, ஏனெனில் டொலமைட் மெதுவாகவே கரையும். பிறகு நீறிய சுண்ணாம்பை இரண்டு தடவையாகக் கொத்திக் கலந்து 7-ஐத் தொட்டேன். பாத்திகளை ஓரடி உயர்த்தி நீர் வடியவும் விட்டேன்.

டொலமைட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நகரத்துக் கடையொன்றில் எனக்குக் கிடைத்த மூட்டையில் பாதி சரளையாக இருந்தது, ஆகவே விரலிடையே தேய்த்து, மாவு போல இருந்தால் மட்டும் வாங்குங்கள். நாற்றும் இனி விலைக்கு வாங்கப்போவதில்லை. வேரோடு ஒட்டிவரும் மண்ணில் நோயும் கூடவே வருவதால், இம்முறை தும்புத்தூள் நிரப்பிய தட்டில் நானே நாற்றுப் போட்டேன். இரவல் போய் வந்த மம்பட்டியைக் கழுவாமல் பாத்தியில் இறக்குவதுமில்லை. இதனால் பெரியப்பாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்துவிட்டது. ஓரத்தில் நட்ட ஆறு பூக்கோவாவில் இரண்டின் தண்டு உள்ளே பொள்ளலாகி, பூவும் பழுப்பேறிவிட்டது. காரம் கூடிய மண்ணில் செடிக்குப் போரன் என்ற நுண்சத்து எட்டாமற் போவதன் அடையாளம் இது. மீதி நான்குக்கும் போரன் உள்ள உப்பான போராக்ஸை மிக நீர்க்கக் கரைத்து இலையில் தெளிக்க எண்ணியிருக்கிறேன். கொஞ்சம் கூடினாலும் அது நஞ்சு என்பதால், நகை நிறுக்கும் சிறிய தராசு ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன்.

அடுத்த போகத்தில் நோக்கோல் போட ஆசைதான். ஆனால் அதுவும் இதே குடும்பம், ராபுவும் (முள்ளங்கி) அப்படியே என்பதால், இந்தப் பாத்திகளுக்கு லீக்ஸும் போஞ்சியும்தான் முறை. நோக்கோலுக்குக் கிணற்றடியில் புதிதாக ஒரு பாத்தி வெட்டியிருக்கிறேன். அதன் மண் இப்போது போத்தலில் தெளிந்துகொண்டிருக்கிறது.