செத்துப்போனதாக நாங்கள் நினைத்த என்சைம்

கூரியர் பெட்டியைத் திறந்தபோது உலர்பனி முக்கால்வாசி ஆவியாகிப் போயிருந்தது. அடியில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். அதற்குள் புதைந்திருந்த சிறு குப்பியில், கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு திரவம். சென்னையில் நான் அப்போது வேலை பார்த்த ஆய்வகம் பல மாதம் யோசித்து வாங்கிய பொருள் அது: பி.டி.பி.1பி என்ற மனித பாஸ்பட்டேஸ், அதாவது பிற மூலக்கூறுகளிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்.

இன்சுலின் செல்லுக்குள் அனுப்பும் செய்தியை அணைத்துவைப்பது இந்த என்சைமின் வேலைகளில் ஒன்று. இதற்கான மரபணுவை நீக்கிய எலிகளில் இன்சுலின் கூடுதலாக வேலை செய்வதை 1999-இல் கண்டார்கள். அன்றிலிருந்து சர்க்கரை நோய்க்கு மருந்து தேடுகிற பலருக்கும் இதன்மேல் ஒரு கண். நாங்களும் சில மூலிகைச் சாறுகள் இதைத் தடுக்கின்றனவா என்று பார்க்கத்தான் வாங்கினோம். 1988-இல் இதை முதன்முதலாக மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இப்போது பிரசவ வார்டு வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்திவிட்டால் அதுவே தயாரித்துக் கொடுத்துவிடும்.

சோதனை எளிது. பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் நிறமற்றது. என்சைம் அதிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டால், காரம் சேர்த்ததும் பளிச்சென்று மஞ்சளாகும். எங்கள் தட்டின் குழிகளில் வந்ததோ, மஞ்சள் துணியை மூன்றாம் முறை அலசிய தண்ணீரின் நிறம்.

நான்கு வாரம் இதே கதை. ஒப்பீட்டுக்கு வைத்த ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் மஞ்சளை அள்ளிக் கொட்டியது. கருவி சரி, ரசாயனம் சரி. அப்படியானால் என்சைம் வழியிலேயே செத்திருக்க வேண்டும். மேடம் சொல்ல, விற்ற நிறுவனத்துக்கு நானே காட்டமாக ஒரு கடிதம் எழுதினேன். கரைந்துபோன உலர்பனியின் படத்தையும் இணைத்தேன். மறுபேச்சில்லாமல் வேறொரு குப்பி அனுப்பினார்கள். இம்முறை பெட்டி நிறையப் பனி. குழிகளில் அதே அலசிய தண்ணீர்.

எங்களை ஏமாற்றியது அந்த ஒப்பீடுதான். ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. அது துத்தநாகத்தையும் செரின் என்ற அமினோ அமிலத்தையும் கொண்டு வேலை செய்கிறது. அதை அதற்குரிய பஃபரில்தான் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) வைத்திருந்தோம். நான் கலக்கிய பஃபரை அது தொட்டுப் பார்க்கவே இல்லை. பி.டி.பி.1பி-யின் உயிர் அதன் புரதச் சங்கிலியில் 215-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தில் இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் ஆனால் அந்தக் கந்தகம் முடங்கிவிடும்.

அதைக் காக்கத்தான் பஃபரில் டி.டி.டி. சேர்ப்பது. (பூச்சிமருந்து அல்ல. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. லேபிளைப் படித்த எங்கள் உதவியாளர் ஒருமுறை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இது டைதயோத்ரெய்ட்டால்.) அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஒரு நாள் பக்கத்து மேசை அக்கா புதிதாக டி.டி.டி. கரைத்தார். அந்த நாற்றம் மூக்கில் ஏறியபோதுதான் உறைத்தது: என் பாட்டிலில் இந்த நாற்றம் அடித்து எத்தனை நாள் ஆகிறது?

மூடியைத் திறந்து முகர்ந்தேன். வெறும் தண்ணீர். பி.எச். 7.5-இல், 20 டிகிரியில், கரைத்த டி.டி.டி.யில் பாதி பத்து மணி நேரத்திலேயே வீணாகிவிடும். என்னுடையது மாதக்கணக்கில் குளிர்பெட்டிக் கதவில் நின்றிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் தினமும் காலையில் என்சைமை நீர்க்கவைத்து, பனிக்கட்டியில் செருகிவிட்டு, சாப்பிட்டுவந்து சோதித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நீர்த்த குழாய் அன்றும் பனிக்கட்டியில் இருந்தது. தூக்கிப்போடப் போனவள், போகட்டும் என்று அக்காவின் டி.டி.டி.யில் சில மைக்ரோலிட்டர் அதில் விட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். காரம் விட்டதும் ஒவ்வொரு குழியாக மஞ்சள் ஏறியது. முழு வீரியம் இல்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாத மஞ்சள். அன்று டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

அது செத்திருக்கவில்லை. இந்தக் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் பக்கத்து நைட்ரஜனோடு பிணைந்து ஒரு வளையமாக ஒடுங்கிக்கொள்ளும், திரும்ப அவிழவும் செய்யும் என்பதை 2003-இல் காட்டியிருக்கிறார்கள். அதையும் தாண்டி ஆக்சிஜன் ஏறினால்தான் மீட்பில்லை. இன்சுலின் வந்ததும் செல்லே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி இந்த என்சைமைச் சற்று நேரம் உறங்கவைக்கிறது. செல் கணக்காகச் செய்யும் அதே காரியத்தை நான் கவனக்குறைவால் ஒரு மாதம் செய்திருக்கிறேன்.

உறைபெட்டியில் கிடந்த முதல் குப்பியையும் எடுத்துச் சோதித்தேன். இரண்டாவதற்கு அது எள்ளளவும் சளைக்கவில்லை. கூரியர்காரர் நிரபராதி. இரண்டாவது கடிதத்தையும் நானே எழுத வேண்டும் என்றார் மேடம். முதல் கடிதத்துக்கு இருபது நிமிடம் ஆனது. இதற்கு ஒரு முழு மாலை. குப்பியை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கூடவே தகவல் தாளின் இரண்டாம் பக்கத்தை மறுபடி அனுப்பி, ஒரு வரியின்மேல் நிறம் தீட்டியிருந்தார்கள்: டி.டி.டி.யைப் பயன்படுத்தும் அன்றே கரைக்கவும்.

தீட்டிய நிறம் மஞ்சள்.