ஆர்விக்குள்ள தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடுன கதை

போன அக்டோபர் கடைசில எங்க ஆர்விய, அதாவது படுக்கை, சிங்க், பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்குற வண்டிய எடுத்துக்கிட்டு, அமெரிக்காவுல ஆரிகன் கடற்கரை பக்கம் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பார்க்குக்கு போயிருந்தோம். ராத்திரி படுத்து அர மணி நேரம்கூட ஆகல, மேல் படுக்கைல இருந்து பொண்ணு கூப்புடுறா, "அப்பா, தலகாணி ஈரமா இருக்குப்பா". தண்ணி பாட்டில் கொட்டிருப்பான்னு நெனச்சு ஏறிப் பாத்தா மெத்தையோட வலது மூலை பூரா ஜில்லுனு ஊறிக் கெடக்கு, மெத்தைய தூக்கிட்டு கீழ இருக்குற பலகைய கட்டைவிரலால அழுத்துனா பால்ல ஊறுன ரஸ்க் மாதிரி உள்ள போகுது. அப்பதான் புரிஞ்சுது, இது இன்னிக்கு நேத்து வந்த தண்ணி இல்ல, மாசக்கணக்கா வந்துட்டு இருந்துருக்குன்னு. அந்த இடத்துல என் பொண்ணு படுத்துருந்தாங்கிறதுதான் எனக்கு தாங்கல.

எங்க வண்டி 2006 மாடல், ஃபோர்ட் ஈ-450 மேல கட்டுன கிளாஸ் சி, டிரைவர் சீட்டுக்கு மேல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு படுக்கை இருக்குமே அந்த டைப். செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. இந்த டைப் வண்டில அந்த மூக்குதான் ஒழுகுறதுக்கு பேர் போன இடம்னு இப்ப தெரியும், வாங்குறப்ப யாரும் சொல்லல. நம்ம ஊர் வீட்டுல ஜன்னலுக்கு மேல சன்ஷேட் இருக்கும், மழை செவுத்துல படாம தள்ளி விழும். இதுல அது கெடையாது, வெளில ஒரு ஃபைபர் ஷீட்டு, அதுக்கு பின்னாடி மூணு மில்லிமீட்டர் ப்ளைவுட்டு, நடுவுல தெர்மாகோலும் ஒன்னரை இன்ச் ரீப்பர் கட்டையும், உள்பக்கம் இன்னொரு பலகை, அவ்வளவுதான் செவுரு. ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி போனாலும் நடுவுலயே நின்னு கட்டைய இத்துப்போக வச்சுட்டு, நிதானமா வேற எங்கயோ வந்து எட்டிப்பாக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மெத்தைய எடுத்து வெளில போட்டுட்டு ரெண்டு வாரம் தெனமும் பாத்தேன். போர்ட்லண்ட் பக்கம் நவம்பர்ல மழைக்கு பஞ்சமே இல்ல, ஊத்து ஊத்துன்னு ஊத்துது, ஆனா டிரைவ்வேல நிக்கிற வண்டிக்குள்ள ஒரு சொட்டு புதுசா வரல. ஹோஸ் வச்சும் பாத்தேன், கீழ இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு இடமா பத்து நிமிஷம் தண்ணி விட்டு மேல போகணும், மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எது ஓட்டைன்னே தெரியாது. அதுலயும் ஒன்னும் வரல. அப்ப என் மனைவிதான் கேட்டாங்க, "ஏங்க, அன்னிக்கு நாம மழையிலயே ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு போனோமே, நிக்கிறப்ப வராம ஓடுறப்ப வருதோ?" சரியான கேள்வி. அறுபது மைல் வேகத்துல போறப்ப மழை மேல இருந்து விழுறதில்ல, நேரா மூக்குல வந்து அடிக்குது, காத்து அத இண்டு இடுக்குல எல்லாம் தள்ளுது, போதாததுக்கு வண்டி குலுங்குறப்ப மூலையெல்லாம் லேசா விரிஞ்சு மூடும்.

அதனால அடுத்து காத்து டெஸ்ட் பண்ணுனேன். சர்வீஸ் கடைல இதுக்குன்னே மெஷின் வச்சுருக்காங்க, நான் அட்டைய வெட்டி ஜன்னல்ல டேப் போட்டு ஒட்டி, அதுல ஓட்டை போட்டு லீஃப் ப்ளோயர் (காஞ்ச இலைய ஊதித் தள்ளுற மெஷின்) மூக்க சொருகி, குறைஞ்ச வேகத்துல உள்ள காத்து அடிச்சேன். அதுக்கு முன்னாடி கேஸ் சிலிண்டர மூடியாச்சு, வென்ட்டு எல்லாம் டேப் போட்டு அடைச்சாச்சு. உள்ள காத்து அழுத்தம் ஏறுனா ஓட்டை இருக்குற இடத்துல வெளில வரும்ல, ஏணி போட்டு ஏறி பாத்திரம் கழுவுற சோப்பு தண்ணிய ஸ்ப்ரே பண்ணிட்டே வந்தா நுரை வரணும். கூரைல ஒன்னும் இல்ல. முன்பக்க ஜன்னல்ல ஒன்னும் இல்ல. அப்புறம் வலது ஓரத்து ஆரஞ்சு லைட்டுக்கு மேல அடிச்சேன், புசுபுசுன்னு நெல்லிக்காய் சைஸுக்கு நுரை எழும்புது. எண்பது இன்ச்சுக்கு மேல அகலமான வண்டிக்கு இங்க சட்டப்படி முன்னாடி மேல அந்த லைட்டுங்க இருக்கணும், அஞ்சு லைட்டுன்னா ஒயர் போற அஞ்சு ஓட்டைன்னு அர்த்தம்.

முன்னாடி வச்சுருந்தவங்க அந்த லைட்ட சுத்தி நாலு பக்கமும் சிலிக்கான் பசைய அப்பிருக்காங்க. அதுதான் கேடு. மேல சிலிக்கான் ஒரு நூல் அளவு விட்டுப்போச்சு, அது வழியா தண்ணி உள்ள போச்சு, கீழயும் அடைச்சு வச்சுருக்கறதால வெளில வர வழியில்ல, லைட்டுக்குள்ளயே தேங்கி ஒயர் ஓட்டை வழியா செவுத்துக்குள்ள இறங்கிருச்சு. லைட்டுக்கு மேலயும் ரெண்டு பக்கமும் அடைக்கணும், கீழ தொறந்தே விடணும், தயவுசெஞ்சு இத மட்டும் யாரும் மறந்துறாதீங்க. அதோட ஆர்விக்கு வெளில சிலிக்கான் பக்கமே போகாதீங்க, அது ஒட்டுன இடத்துல அப்புறம் வேற எதுவும் ஒட்டாது, நான் அந்த சிலிக்கான சொரண்டவே ஒரு ஞாயித்துக்கெழம பூரா போச்சு.

பக்கத்துல செவுரு சேர்ற மூலைய மூடுற பட்டையிலயும் நுரை வந்துச்சு. அந்த அலுமினிய பட்டைல ஸ்க்ரூவ மறைக்க ஒரு வினைல் நாடா சொருகிருப்பாங்க, அத உருவுனா உள்ள ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. ஒரு ஸ்க்ரூவ திருப்புளியே இல்லாம வெரலால உருவ முடிஞ்சுது, ஊசி மாதிரி இளைச்சுப் போயிருக்கு, மரை இருந்த தடமே இல்ல. பட்டைக்கு அடியில தண்ணி போகாம ஒட்டிருந்த ப்யூட்டில் டேப் (பிசின் மாதிரி மெத்துனு இருக்குற ரப்பர் டேப்) காஞ்சு கருவாடு மாதிரி வெடிச்சு கெடக்கு.

சர்வீஸ் கடைல 6,000 டாலர்கிட்ட சொன்னாங்க, அதுக்கும் பிப்ரவரி வரைக்கும் இடம் இல்ல. நானே எறங்கிட்டேன். உள் பலகைய வெட்டி எடுத்து, இத்துப்போன ரீப்பர் நாலு அடி மாத்துனேன். ஆனா மூடறதுக்கு முன்னாடி காய வைக்கணும், அதுல அவசரப்படவே கூடாது. காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுற டிஹியூமிடிஃபையர் போட்டு பன்னெண்டு நாள் ஓடுச்சு, ரெண்டு ஊசி வச்ச ஈர மீட்டர்ல கட்டை 29 சதவீதம் காட்டுனது 13க்கு வந்தப்புறம்தான் புது பலகைய அடிச்சேன். 20க்கு மேல ஈரத்த வச்சு மூடுனா உள்ள பூஞ்சை மறுபடி வேலைய ஆரம்பிச்சுரும். பட்டைக்கு புது ப்யூட்டில் டேப், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஒரு நாள் விட்டு திருப்பி டைட் பண்ணா டேப் ஓரத்துல பிதுங்கி வரும், அத பிளாஸ்டிக் கத்தியால வழிச்சுட்டு மேல் ஓரத்துல மட்டும் இடுக்க அடைக்கிற சீலன்ட் பசைய ஓட்டுனேன்.

இதுக்கு நடுவுல இன்னொரு கசிவு. உள்ள வேல பாத்துட்டு இருக்கறப்ப யாரும் குழாய தொறக்காமயே இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி பம்ப்பு டுர்ர்னு ஒரு செகண்ட் ஓடி நிக்குது. அப்படி ஓடுனா பம்ப்புக்கு அப்புறம் எங்கயோ அழுத்தம் எறங்குதுன்னு அர்த்தம். கைக்கு எட்டுற ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கு அடியிலயும் டிஷ்யூ பேப்பர் மடிச்சு வச்சுட்டு படுத்துட்டேன், காலைல பாத்ரூம் சிங்க்குக்கு பின்னாடி வச்சது மட்டும் நனைஞ்சுருக்கு. குளிர்ல தண்ணி உறைஞ்சு குழாய் வளையுற இடத்துல இருக்குற பிளாஸ்டிக் எல்போ முடி மாதிரி கீறல் விட்டுருக்கு, பித்தளைல மாத்திட்டேன். டிஷ்யூ எல்லாமே காஞ்சு இருந்துச்சுன்னா தண்ணி பின்னாடி போகாம தடுக்குற பம்ப்போட செக் வால்வு வழியாவே தண்ணி டேங்குக்கு திரும்பிப் போகுதான்னு பாக்கணும்.

போன வாரம் ஹைவே 26ல நல்ல மழைல கடற்கரை வரைக்கும் ஓட்டிட்டு வந்தோம். வந்ததும் பொண்ணு தான் முதல்ல ஏறி மூலைல மீட்டர குத்துனா, "அப்பா, பன்னெண்டு!"ன்னு கத்துனா. ராத்திரி அங்கயே படுத்துக்கிட்டா. கூரைல ஃப்ரிட்ஜ் வென்ட்ட சுத்தி சீலன்ட்ல மயிரிழை வெடிப்பு ரெண்டு பாத்து வச்சுருக்கேன், சனிக்கெழம வெயில் அடிச்சா காலைலயே ஏறி அத முடிச்சுரணும்.